ஏ82: கார்வெட் காரின் தலைத்தாங்கியும் 1969-ஆம் ஆண்டு விதியும்

அமெரிக்கக் கார்களில் ஹெட்ரெஸ்ட் எனும் தலைத்தாங்கி இடம்பிடித்த வரலாற்றை எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் 1969 ஜனவரி 1 என்ற தேதியில் தொடங்குகிறார்கள். அன்று முதல் அந்நாட்டுச் சந்தைக்கெனத் தயாராகும் ஒவ்வொரு பயணிகள் காரிலும் முன்வரிசையின் இரு ஓர இருக்கைகளுக்கும் தலைத்தாங்கி இருந்தாக வேண்டும் என்றது கூட்டரசின் 202-ஆம் எண் பாதுகாப்பு விதி. அதற்கு முந்திய ஆண்டுகளை, சில நிறுவனங்கள் கூடுதல் விலைக்குக் கொடுத்தன, சிலர் வாங்கினார்கள் என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் முக்கியமாகப் படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே பிரிவு 1966 முதல் 1969 வரை தன் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏ82 என்ற குறியீட்டில் விற்ற தலைத்தாங்கியை முன்வைத்து, அது விருப்பப் பொருளாக இருந்த அந்தக் குறுகிய காலமே பின்னால் வந்த கட்டாயத்தின் உருவத்தையும் குறையையும் பெருமளவு தீர்மானித்தது என்று இங்கே வாதிடுகிறேன்.

இந்த வாதத்துக்கு எதிரே நிற்பது ரால்ஃப் நேடரின் வாசிப்பு. 1965 நவம்பர் 30 அன்று வெளிவந்த அவருடைய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்', விபத்து என்றாலே ஓட்டுநரைக் குற்றவாளியாக்கும் பழக்கத்தைத் தகர்த்த நூல். ஆபத்து காரின் வடிவமைப்புக்குள்ளேயே வைத்துக் கட்டப்படுகிறது என்பது அதன் மையக் கருத்து. முதல் அத்தியாயம் செவ்ரலேயின் கார்வேர் காரைப் பற்றியது. மற்றோர் அத்தியாயம் 'இரண்டாவது மோதல்' பற்றியது: கார் எதன்மீதாவது மோதிய அடுத்த கணம், உள்ளே இருக்கும் உடல் காரின் உட்புறத்தில் மோதுவது. தோற்றத்தை வடிவமைப்பவர்களுக்கு நிறுவனங்கள் கொடுத்த இடத்தைப் பேச இன்னோர் அத்தியாயம். இவற்றையெல்லாம் ஒன்றாகக் கோத்து அவர் வந்துசேரும் முடிவு இது: நிறுவனங்களுக்குத் தீர்வுகள் தெரிந்திருந்தன, அவற்றைத் தள்ளிப்போட்டன, வெளியிலிருந்து ஓர் அதிகாரம் தலையிட்டாலொழிய எதுவும் நடக்காது.

வரலாறு அவருக்குச் சாதகமாகவே நடந்தது. அவரைப் பின்தொடர ஆள் வைத்ததற்காக ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஜேம்ஸ் ரோச் 1966 மார்ச்சில் செனட் துணைக்குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன் தேசியப் போக்குவரத்து, மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்திலிருந்து கிளைத்தவைதான் சீட் பெல்ட், கண்ணாடி, பிரேக், தலைத்தாங்கி முதலிய விதிகள் எல்லாம். ஒரு தனிமனிதரின் நூல் இவ்வளவு சீக்கிரம் சட்டமான நிகழ்வுகள் குறைவு. அந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை.

நேடரின் பெரும் வாதம் தலைத்தாங்கியைச் சார்ந்து நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் அமைத்துக் கொடுத்த சட்டகத்துக்குள் பின்வந்தவர்கள்தான் தலைத்தாங்கியையும் வைத்தார்கள். அந்தச் சட்டகத்தில் காலம் இரண்டாகப் பிளக்கிறது. சட்டத்துக்கு முன் அலட்சியம், சட்டத்துக்குப் பின் பாதுகாப்பு. முன்னது காத்திருப்பு, பின்னது தீர்வு. இந்தப் பிளவு சீட் பெல்ட் விஷயத்தில் ஓரளவு செல்லுபடியாகிறது. தலைத்தாங்கி விஷயத்தில் அது இரண்டு பக்கமும் தவறுகிறது என்பதே என் முறையீடு. முன்னதில் நடந்த ஒன்றை அது பார்க்கத் தவறுகிறது. பின்னதில் நடக்காமல் போன ஒன்றை நடந்துவிட்டதாகக் கொள்கிறது.

நேடர் தரப்புக்கு வலுச்சேர்க்கும் சான்றுகளை முதலில் எடுத்துவைப்பதே நியாயம். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டைச் சேர்ந்த பெஞ்சமின் கட்ஸ் காருக்கான தலைத்தாங்கிக்குக் காப்புரிமை கேட்டது 1921-இல். 1955-இல் டெர்வின் செவரியும் அவருடன் பணியாற்றியோரும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பின்புற மோதல்களைத் திட்டமிட்டு நடத்தி, படமெடுத்து, அளந்து பார்த்தார்கள். பின்னாலிருந்து இடிபடும்போது காரும் முதுகும் முதலில் முன்னே தள்ளப்பட, தாங்க எதுவுமற்ற தலை பின்தங்கிப்போய்க் கழுத்து வளைகிறது. கார் படும் முடுக்கத்தைவிடத் தலை படும் முடுக்கம் கூடுதல். 1964-இல் டொராண்டோ எலும்பு மருத்துவர் அயன் மக்நாப் கழுத்துக் காயங்களைப் பற்றி விரிவாக எழுதினார். ஆக, 1966-இல் தலைத்தாங்கி என்பது யாரும் அறியாத புதுமையன்று. கருத்து நாற்பத்தைந்து ஆண்டுப் பழசு. அளந்து காட்டிய ஆய்வு பதினோரு ஆண்டுப் பழசு. இவ்வளவும் தெரிந்தும் ஏன் பொருத்தவில்லை என்ற கேள்வி நேடருடையதுதான். அது நியாயமான கேள்வி.

பொருத்தாமல் விட்டதற்கு ஸ்போர்ட்ஸ் காருக்கென்று தனிக் காரணங்களும் உண்டு. உடல் தாழ்ந்தது, கூரை தாழ்ந்தது, துணிக்கூரை மடிந்து உட்கார இடம் வேண்டும், இருக்கையின் முதுகு தோளுக்குக் கீழேயே முடிந்துவிடும். ஓட்டுநர் திரும்பிப் பார்க்கும் வழியில் எதையும் நிறுத்த வடிவமைப்பாளர்கள் விரும்பவில்லை. 1963 கார்வெட்டின் பின்கண்ணாடியை இரண்டாகப் பிரித்த நடுச்சட்டம் பார்வையை மறைக்கிறது என்று ஓராண்டிலேயே நீக்கப்பட்டதை நினைத்துப் பார்க்கலாம். பந்தயக் கார்களில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் எழும் கூம்பை, உதாரணமாக 1954-இன் ஜாகுவார் டி-டைப்பில் இருப்பதை, இந்த மரபின் மூதாதை என்று சிலர் காட்டுவார்கள். அது காற்றைக் கிழிக்க எழுந்த உடற்பகுதி. அதன் பாதை வேறு.

இனி ஏ82-க்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸ் ஒவ்வொரு விருப்பப் பொருளுக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடு கொடுத்தது. எந்த மாடல் ஆண்டில் எந்தக் குறியீடு எத்தனை கார்களில் ஏறியது, என்ன விலை என்ற பட்டியல் கார்வெட் சேகரிப்பாளர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. மைக் ஆன்டனிக்கின் 'கார்வெட் பிளாக் புக்' அதை எல்லார் கைக்கும் கொண்டுவந்தது. தங்கள் கார் எவ்வளவு அரியது என்று நிரூபிக்கவே பெரும்பாலானோர் அதைப் புரட்டுகிறார்கள். ஒரு சமூகம் பாதுகாப்பை எப்படி விலைகொடுத்து வாங்கியது என்பதற்கான ஆவணமாக அதை வாசிக்க முடியும். அப்படி யாரும் நின்று வாசித்ததாக எனக்குத் தென்படவில்லை.

1966 மாடல் ஆண்டில் தயாரான கார்வெட்டுகள் 27,720. அவற்றில் ஏ82 ஏறியவை 1,033. விலை 42.15 டாலர். அடுத்த ஆண்டு மொத்தம் 22,940, ஏ82 1,762, விலை அதே 42.15. 1968-இல் உடலே புதிதாக மாறிய காரில் மொத்தம் 28,566, ஏ82 3,197, விலை மீண்டும் 42.15. விழுக்காட்டில் சொன்னால் 3.7, பிறகு 7.7, பிறகு 11.2. மூன்று ஆண்டிலும் விலை ஒரு சதம்கூட மாறவில்லை. 1967-இல் மொத்த உற்பத்தி குறைந்தது. அந்த ஆண்டும் தலைத்தாங்கி கூடியது.

முதலில் காலவரிசை. நேடரின் நூல் வெளிவந்தது 1965 நவம்பர் இறுதியில். 1966 மாடல் கார்கள் கடைக்கு வந்தது அதே 1965-இன் இலையுதிர் காலத்தில். நூலுக்குப் பயந்து ஒரு நிறுவனம் இருக்கையின் முதுகுக்குள் தண்டு இறங்கும் அமைப்பை வரைந்து, வார்த்து, விலை குறித்து, குறியீடு கொடுத்திருக்க அவகாசமே இல்லை. முடிவு நூலுக்கு முந்தியது. ஆனால் பட்டியல் மாடல் ஆண்டைத்தான் எண்ணுகிறது, மாதத்தை எண்ணவில்லை. ஆகவே ஏ82 முதல் நாளிலிருந்தே ஆர்டர் தாளில் இருந்ததா, ஆண்டின் நடுவில் சேர்ந்ததா என்பதை இந்த எண்ணிலிருந்து மட்டும் பிரித்தெடுக்க முடியாது. நடுவில் சேர்ந்திருந்தாலும் வடிவமைப்பு முந்தியதாகவே இருக்க வேண்டும் என்பது என் துணிபு. அரசுக்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம். 1964 ஆகஸ்டில் நிறைவேறிய ஒரு சட்டம், அரசு வாங்கும் கார்களுக்குப் பாதுகாப்பு விதிகள் வகுக்கும் பொறுப்பைப் பொதுச் சேவை நிர்வாகத்திடம் கொடுத்திருந்தது. காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பது டெட்ராய்ட்டின் கார் நிறுவனங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அப்படியானால் ஏ82-ஐத் தூண்டியது நூலன்று, அதற்கு முந்திய மெதுவான அரசு அழுத்தம் என்றுகூட வாதிடலாம். அந்த வாதத்தை நான் மறுக்கவில்லை.

அடுத்து, வாங்கியவர்கள். தலைத்தாங்கியை அன்று வாங்கியவர்கள் சொகுசுக்காகத்தான் வாங்கினார்கள், கழுத்தைக் காக்க அன்று என்றொரு எதிர்வாதம் எப்போதும் வரும். அதே பட்டியலின் வேறு வரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1966-இல் பவர் விண்டோ 57.95 டாலர். அதை எடுத்தவர்கள் 4,562 பேர். ஏர் கண்டிஷன் 412.90 டாலர், எடுத்தவர்கள் 3,520 பேர். கண்ணாடி தானாக ஏறி இறங்க ஐம்பத்தெட்டு டாலர் கொடுத்தவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேருக்கும் மேல். நாற்பத்திரண்டு டாலருக்குத் தலைத்தாங்கி எடுத்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. வெறும் சொகுசுப் பண்டம் என்றே பார்க்கப்பட்டிருந்தால், விலை குறைந்த ஒன்று இவ்வளவு பின்தங்கியிருக்குமா? சொகுசு தேடுகிறவர்கள் அதை எடுக்கவில்லை. எடுத்த சிறுபான்மையினர் வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்தார்கள். அந்தக் காரணத்தில் கழுத்தின் பாதுகாப்பு இருந்தது என்பதே பொருத்தமான ஊகம்.

இந்த ஊகத்துக்குப் பாதகமான சான்றையும் அதே பட்டியல் தருகிறது. ஏ82-க்கு அடுத்து வருவது ஏ85, அதாவது தோள்பட்டை பெல்ட். விலை 26.35 டாலர். 1966-இல் அதை எடுத்தவர்கள் வெறும் 37 பேர். பாதுகாப்பில் அக்கறை கொண்டவர் தலைத்தாங்கிக்கு முன் தோள்பட்டை பெல்ட்டைத்தானே எடுக்க வேண்டும்? அதுவும் விலை குறைவு. 1,033 எங்கே, 37 எங்கே? சொகுசு வாதம் இங்கே தலைதூக்குகிறது.

அடுத்த வரிக்கு நகர்ந்தால் காட்சி மாறுகிறது. 1967-இல் ஏ85 எடுத்தவர்கள் 1,426. முப்பத்தேழிலிருந்து ஆயிரத்து நானூற்று இருபத்தாறு. ஓராண்டில் முப்பத்தெட்டு மடங்கு. பட்டியல் அதைக் கூபே எனும் மூடிய கூரை உடலுக்கு மட்டும் உரியதாகக் குறிக்கிறது. அந்த ஆண்டு தயாரான கூபேக்கள் 8,504. எனவே கூபே வாங்கிய ஆறு பேரில் ஒருவர் தோள்பட்டை பெல்ட் எடுத்திருக்கிறார். செனட் விசாரணை, ரோச்சின் மன்னிப்பு, ஜான்சனின் கையெழுத்து எல்லாம் 1966-இல் நடந்தவை. அவற்றின் எதிரொலி இந்த வரியில் காதில் விழுகிறது. நேடரின் சட்டகம் சரியாகப் பொருந்தும் இடம் இது. சட்டமும் நூலும் சேர்ந்து மக்களை உலுக்கின, மக்கள் வாங்கினார்கள்.

அதே ஓராண்டில் ஏ82 எவ்வளவு உயர்ந்தது? 1,033-லிருந்து 1,762, இரண்டு மடங்குகூட இல்லை. உலுக்கல் தோள்பட்டை பெல்ட்டைத் தூக்கி எறிந்ததுபோல் தலைத்தாங்கியைத் தூக்கவில்லை. நூற்றுக்கு நாலு, எட்டு, பதினொன்று என்று ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு விழுக்காடாக, படி ஏறுவதுபோல் நிதானமாக அது உயர்ந்திருக்கிறது. ஒரே காரில், ஒரே ஆர்டர் தாளில், அடுத்தடுத்த இரண்டு வரிகள் இரண்டு வேறு வரலாறுகளைச் சொல்கின்றன. தலைத்தாங்கிக்குத் தனக்கென ஒரு வளர்ச்சி இருந்தது. அது நேடருக்கு முன்பே தொடங்கி, நேடரால் பெரிதாக வேகம்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தது. அவருடைய நூலை எல்லாப் பாதுகாப்புச் சாதனத்துக்கும் தோற்றுவாயாகக் கொள்ளும் வாசிப்பு தவறும் இடம் இதுவே.

இந்த முடிவின் பலவீனங்களையும் எடுத்துவைக்கிறேன். முதலாவது, 37 என்பது மிகச் சிறிய எண். தோள்பட்டை பெல்ட் 1966 மாடல் ஆண்டின் கடைசியில்தான் கிடைக்கத் தொடங்கியிருந்தால், அந்த முப்பத்தெட்டு மடங்கு விருப்பத்தின் உயர்வன்று, கிடைக்கும் காலத்தின் உயர்வு. அப்போது என் ஒப்பீடு பெருமளவு தளர்ந்துவிடும். இரண்டாவது, 1968-இல் புதிய உடலில் இருக்கை முன்னைவிடச் சாய்ந்தது. சாய்ந்து உட்காருகிறவருக்குக் கழுத்துக்குத் தாங்கல் தேவைப்படும். எனவே அந்த ஆண்டின் உயர்வில் ஒரு பகுதி உட்காரும் விதத்தால் வந்திருக்கலாம். 1968-இன் ஏ85 எண்ணாகிய 350-ஐ நான் ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. மூடிய கூரைக் கார்களுக்குத் தோள்பட்டை பெல்ட் 1968 ஜனவரி முதல் கட்டாயமாகிவிட்டதால் அந்த வரி இப்போது வேறொரு பொருளைக் குறிக்கிறது. இவ்வளவும் கழித்தபின், 1966-க்கும் 1967-க்கும் இடையே தலைத்தாங்கி காட்டும் நிதானம் மட்டும் அசையாமல் நிற்கிறது. அதை விளக்க நேடர் போதாது.

இந்தப் பட்டியலில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த வரி 1969-இனுடையது. அந்த ஆண்டு ஏ82-இன் எண்ணிக்கை 38,762. விலை 17.95 டாலர். 1969 மாடல் ஆண்டில் தயாரான கார்வெட்டுகளின் மொத்தம் எவ்வளவு? அதுவும் 38,762. ஒரு கார்கூட விடுபடாமல், கடைசி இலக்கம் வரை ஒரே எண்.

சட்டம் வந்துவிட்டது, எல்லாக் காரிலும் ஏற்றினார்கள், இதில் என்ன வியப்பு என்று தோன்றலாம். சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. விதி காரின் மாடல் ஆண்டைப் பார்ப்பதில்லை, தயாரான நாளைப் பார்க்கிறது. 1969 ஜனவரி 1-க்கு முன் தயாரான காருக்கு அது பொருந்தாது. ஆனால் 1969 மாடல் கார்வெட்டுகள் செயின்ட் லூயிஸ் ஆலையில் 1968-இன் பிற்பகுதியிலேயே இறங்கத் தொடங்கிவிட்டன. மறுமுனையில், 1970 மாடல் தாமதமானதால் அந்த உற்பத்தி 1969 டிசம்பர் வரை நீண்டது. ஆகவே 38,762 கார்களில் முதல் சில மாதத்துக் கார்கள் சட்டத்துக்கு வெளியே பிறந்தவை. அவற்றுக்கும் ஏன் ஏ82?

மூன்று விதமாக இதை வாசிக்கலாம். ஒன்று, நிறுவனமே மாடல் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எல்லாக் கார்களிலும் ஏற்றிவிட்டது. நடு ஆண்டில் இருக்கைச் சட்டத்தை மாற்றுவதைவிட முதல் நாளிலிருந்தே ஒரே இருக்கையைச் செய்வது ஆலைக்கு எளிது. இரண்டு, முதல் மாதங்களில் அது உண்மையில் விருப்பப் பொருளாகவே இருந்தது, பின்னாளில் பட்டியலைத் தொகுத்தவர்கள் கட்டாயம் என்ற காரணத்தால் மொத்த எண்ணையே அந்த வரியில் நிரப்பிவிட்டார்கள். மூன்று, விருப்பமாகவும் கட்டாயமாகவும் இரண்டு கணக்கு இருந்து ஒன்றாகக் கூட்டப்பட்டது. மூன்றாவது சாத்தியம் குறைவு. விருப்ப மாதங்களில் ஒருவராவது மறுத்திருந்தால் கூட்டல் இவ்வளவு துல்லியமாக முடிந்திருக்காது.

நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். விலைதான் என் சான்று. மூன்று ஆண்டாக அசையாமல் நின்ற 42.15 இங்கே 17.95 ஆகிறது, பாதிக்கும் கீழே. விருப்பமாக ஒரு விலையும் கட்டாயமாக ஒரு விலையும் அதே ஆண்டில் இருந்திருந்தால் இரண்டு விலை பதிவாகியிருக்க வேண்டும். ஒரே விலை, ஒரே எண்ணிக்கை: இது முதல் நாளிலிருந்து ஒரே ஏற்பாடு இருந்ததைக் காட்டுகிறது. இரண்டாவது வாசிப்பை முற்றிலும் ஒதுக்க முடியாது. அதைத் தீர்க்கும் சான்று ஒன்று உண்டு. 1967 முதல் கார்வெட்டின் பெட்ரோல் டேங்கின் மேற்பரப்பில், அந்தக் காரில் ஏறிய குறியீடுகள் அச்சிட்ட தாள் ஒன்றை ஆலையிலேயே ஒட்டினார்கள். இருக்கையை ஐம்பதாண்டில் யாரும் மாற்றியிருக்கலாம், டேங்க்கின் மேல் ஒட்டிய தாளை மாற்ற யாருக்கும் காரணமில்லை. 1968 டிசம்பருக்குள் தயாரான 1969 மாடல்களில் எஞ்சியிருக்கும் தாள்களை வரிசைப்படுத்தினால் இந்தக் கேள்வி முடிந்துவிடும். அதுவரை 38,762 என்பதை ஒரு வலுவான குறிப்பாகவே கொள்ள வேண்டும்.

விலையைப் பற்றி இன்னும் ஒரு சொல். எல்லாரும் வாங்கியே ஆக வேண்டும் என்றானபோது பொருளின் விலை பாதிக்கும் கீழே இறங்கியது என்பது நேடருக்குக் கிடைத்த வெற்றி. இதை மனமார ஒப்புக்கொள்கிறேன். விருப்பப் பொருள் என்ற ஏற்பாடு பாதுகாப்பின் மேல் ஒரு வரியைப்போல் உட்கார்ந்திருந்தது. ஆனால் 17.95 என்ற தனி விலை இருந்ததே, அதையும் கவனிக்க வேண்டும். மறுக்க முடியாத ஒன்றை ஆர்டர் தாளில் தனி வரியாக வைத்து, தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். கட்டாயம் வந்தபின்னும் விருப்பப் பொருளின் கணக்கு முறை தொடர்ந்திருக்கிறது.

தொடர்ந்தது கணக்கு முறை மட்டுமில்லை. 202-ஆம் விதியின் பாடத்தைப் படித்தால் விருப்பக் காலத்துத் தலைத்தாங்கியின் உருவமே அதற்குள் உட்கார்ந்திருப்பது தெரியும். 1968 பிப்ரவரியில் வெளியான அவ்விதி இரண்டு வழிகள் கொடுத்தது. ஒன்று, இருக்கையை 8 ஜி அளவுக்கு முன்னோக்கி முடுக்கிச் சோதித்து, தலை உடற்கோட்டிலிருந்து பின்னோக்கி 45 பாகைக்கு மேல் சாயாமல் பார்த்துக்கொள்வது. மற்றது, அளவுகளை நிறைவு செய்வது: தாங்கியின் உச்சி அமர்வுப் புள்ளியிலிருந்து 27.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 700 மி.மீ. உயரம், தனி இருக்கையானால் 6.75 அங்குலமும் நீள இருக்கையானால் 10 அங்குலமும் அகலம். 200 பவுண்டு பின்னோக்கு விசையைத் தாங்கும் வலு. இரண்டாவது வழியில் உயரத்தை அளப்பது எந்த நிலையில்? தாங்கியை முழுவதும் மேலே இழுத்த நிலையில்.

இந்த நிபந்தனையின் பொருள் பெரிது. ஏற்றி இறக்கக்கூடிய தண்டின் மேல் நிற்கும் சிறு மெத்தை, மேலே இழுத்தால் 700 மி.மீ. வந்துவிட்டால் போதும். வாங்கியவர் அதைக் கீழேயே விட்டுவிட்டால் கழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி விதிக்கு அக்கறையில்லை. விருப்பப் பொருளுக்கு இது இயல்பான தர்க்கம். காசு கொடுத்துக் கேட்டு வாங்கியவர் அதைத் தன் தலைக்கேற்ப ஏற்றிவைத்துக்கொள்வார் என்று நம்பலாம். அவர் தேர்ந்தெடுத்தவர், அதன் பயன் அறிந்தவர். கேட்காமலே காரோடு வந்துசேர்ந்த தலைத்தாங்கியை அதே நம்பிக்கையோடு ஒருவரிடம் ஒப்படைக்க முடியாது. விருப்பக் காலத்தின் பொருளையும் அதன் தர்க்கத்தையும் அப்படியே எடுத்துக் கட்டாயமாக்கியதுதான் 1969-இல் நடந்தது.

விதியை எழுதியவர்கள் கடையில் ஏற்கெனவே விற்ற பொருளைப் பார்த்துத்தான் இப்படி எழுதினார்கள் என்பதற்கு நேர்ச் சான்று என்னிடம் இல்லை, இது அனுமானம். ஆனால் வலுவான அனுமானம். விதி வெளியானதற்கும் அமலுக்கு வந்ததற்கும் இடையே பதினோரு மாதம்கூட இல்லை. மேலேற்றாத நிலையிலேயே 700 மி.மீ. வேண்டும் என்றிருந்தால் நாட்டிலுள்ள அநேகமாக எல்லா இருக்கைகளையும் புதிதாக வரைய வேண்டியிருந்திருக்கும். பதினோரு மாதத்தில் அது நடக்காது. தண்டும் மெத்தையுமான பொருளோ கையில் தயாராக இருந்தது. மூன்று ஆண்டாக விற்றுப் பழகியும் இருந்தது. கையில் இருப்பதை ஏற்கும் விதியைத்தான் அந்தக் கால அவகாசம் அனுமதித்தது. 8 ஜி சோதனை என்ற மாற்று வழி திறந்தேதான் இருந்தது. எளிய வழி பக்கத்தில் இருக்கும்போது கடினமான வழியை நாடும் தேவை குறைவு.

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் இதை வேறொரு விதத்தில் உறுதிப்படுத்துகின்றன. அபிங்டன் ஆலையில் தயாரான எம்ஜிபி அமெரிக்காவுக்குக் கப்பலேறும்போது தலைத்தாங்கியோடு போனது. உள்நாட்டில் விற்றபோது அது கூடுதல் காசு கொடுத்து வாங்கும் பொருளாகவே தொடர்ந்தது. ஜாகுவார் இ-டைப்பின் இரண்டாம் தொடர் கார்களிலும் இதே பிரிவினை. கடலுக்கு ஒரு பக்கம் கட்டாயம், மறுபக்கம் விருப்பம், இரண்டிலும் ஒரே பொருள். பிரிட்டனில் தனியாக விற்ற தலைத்தாங்கிகளுக்கும் நீண்ட மரபு உண்டு. கரோப்ஸ் நிறுவனம் 1950-களின் இறுதியிலேயே காப்புரிமை கேட்டிருந்தது.

கார்வெட்டோ இந்தப் பாதையை விட்டு விரைவிலேயே விலகியது. 1970 மாடலில் இருக்கைகளை மாற்றி வரைந்து, தலைத்தாங்கியை முதுகோடு ஒன்றாக்கினார்கள். ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். போர்ஷே 911-இல் உயர்ந்த முதுகு 1974-இல் வந்தது. விருப்பக் காலத்து உருவத்தைத் தொடங்கிவைத்தவற்றுள் ஒன்றான ஸ்போர்ட்ஸ் கார் நான்கே மாடல் ஆண்டில் அதைக் கைவிட்டது. கோடிக்கணக்கான சாதாரணக் குடும்பக் கார்களோ அதைப் பல பத்தாண்டுகள் சுமந்தன.

அதன் விளைவை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே 1982-இல் அளந்தது. சார்ல்ஸ் கஹேன் எழுதிய மதிப்பீடு அது. பின்புற மோதலில், முதுகோடு ஒன்றான தலைத்தாங்கி காயத்தை 17 விழுக்காடு குறைத்தது. ஏற்றி இறக்கும் தலைத்தாங்கி 10 விழுக்காடுதான் குறைத்தது. கீழேயே விட்டுவைக்கும் பழக்கம் இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம். கஹேன் இதைச் சாதனங்களின் பயன்பற்றிய கணக்காகத் தருகிறார். எனக்கோ இது வரலாற்றுச் சான்றாகவும் தெரிகிறது. அந்த ஏழு விழுக்காடு, 1966-இன் ஆர்டர் தாளிலிருந்து 1968-இன் விதிக்குள் நுழைந்த ஓர் உருவத்தின் விலை.

நேடரின் வாசிப்பு சட்டத்தை முடிவாகக் கொள்கிறது. ஆகவே இந்த விலையை அதனால் பார்க்க இயலாது. சட்டம் ஒரு பொருளைக் கட்டாயமாக்கும்போது, அந்தப் பொருள் யாருக்காக, எந்த நம்பிக்கையில் உருவானது என்பதையும் சேர்த்தே கட்டாயமாக்குகிறது. ஏ82 தேர்ந்தெடுத்து வாங்குகிறவருக்காக உருவானது. அந்த அடையாளம் அதைவிட்டு நீங்க வெகுகாலம் ஆனது. 1969-இல் 700 மி.மீ. என்ற அளவு மேலே இழுத்த நிலைக்கு மட்டுமே இருந்தது. முன் இருக்கையின் தலைத்தாங்கி 800 மி.மீ. வரை எட்ட வேண்டும், முழுவதும் கீழே இறக்கிய நிலையிலும் 750 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று அமெரிக்க விதி திருத்தப்பட்டது 2004 டிசம்பரில்தான்.